ஒரு ரிவெட்டை எப்போது விட்டுவிடுவது

சென்ற ஆண்டு மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் வீட்டுக் கராஜில், நானே கட்டிவரும் விமானத்தின் செங்குத்து வாலில் அடித்த ஒரு ரிவெட், அதாவது தகடுகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஆணி, உட்புறத்தில் சற்றே சாய்ந்து படிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே கண்ணாடியை நுழைத்துக் கைவிளக்கைப் பிடித்துப் பார்த்தால்தான், நசுங்கிய வட்டம் ஒரு பக்கமாக ஒதுங்கியிருப்பது தெரியும். அதை எடுத்துவிட்டு வேறொன்று அடிப்பதே நேர்மையான வேலை என்று நினைத்தேன். அந்த முடிவு தவறு என்று தெரிய எனக்கு அரை நாள் ஆயிற்று. ஏன் தவறு என்று கைக்குப் புரிவதற்கு மேலும் பல மாதங்கள் ஆயின.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஒஹையோ மாநிலத்தில் டேட்டன் நகருக்கு அருகே வசிக்கிறேன். தனியார் விமானி உரிமம் வாங்கிய பிறகு, வாடகை விமானங்களில் பறந்துகொண்டிருந்த காலத்தில்தான், வீட்டிலேயே விமானம் கட்டுகிறவர்களைப் பற்றித் தெரிந்துகொண்டேன். நான் தேர்ந்தெடுத்தது ஆர்வி-7 என்னும் இரண்டு இருக்கை விமானம். ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வென் 1973-இல் ஆரிகன் மாநிலத்தில் தொடங்கிய வான்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் வடிவமைப்பு அது. அந்த வரிசை விமானங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவை, என்னைப் போன்றவர்கள் கராஜிலும் கொட்டகையிலும் கட்டி, பறந்திருக்கின்றன. எல்லாப் பாகங்களும் ஒரே நாளில் வந்து இறங்குவதில்லை. முதலில் வால், பிறகு இறக்கைகள், பிறகு உடல், கடைசியாக எஞ்சினும் மற்றவையும் என்று பகுதி பகுதியாக வாங்கலாம். வாலை முதலில் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. உலோக வேலையின் எல்லா வகைகளும் அதில் சிறிய அளவில் இருக்கின்றன. அதோடு, பாழாக்கினால் அதிகம் செலவு வைக்காத பகுதியும் அதுதான்.

இப்படிப் பாகங்களாக வரும் தொகுப்பைக் கிட் என்பார்கள். கிட் என்றவுடன், பிள்ளைகள் ஒட்டி விளையாடும் மாதிரி விமானம் போல் எண்ணுகிறவர்கள் உண்டு. பெட்டியைத் திறந்தால் இருப்பவை, துளையிட்ட தகடுகளும், அவற்றை உள்ளிருந்து தாங்கும் வளைத்த விலாக்களும், பைகளில் எடைபோட்டுக் கட்டிய ரிவெட்டுகளும், ஒரு கட்டு வரைபடமும்தான். அமெரிக்க விமானப் போக்குவரத்துச் சட்டத்தில் 21.191 என்னும் விதி, இத்தகைய விமானத்தின் பெரும்பகுதியை, தம் சொந்தக் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ மட்டும் அந்த வேலையை மேற்கொண்டவர்களே செய்து இணைத்திருக்க வேண்டும் என்கிறது. இதைத்தான் எல்லோரும் 51 சதவீத விதி என்கிறார்கள். கல்வி என்ற அந்தச் சொல் சட்டத்திலேயே இருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கட்டி முடித்து ஆய்வாளர் பார்த்துச் சான்றிதழ் தந்த பிறகு, கட்டியவரே விண்ணப்பித்து, தம் விமானத்தின் ஆண்டுப் பரிசோதனையைத் தாமே செய்வதற்கான உரிமத்தையும் பெறலாம். அதாவது, ஒவ்வொரு துளையையும் தொட்டுப் பார்த்தவர் என்பதே அங்கே தகுதியாகக் கொள்ளப்படுகிறது.

ஆனால் எனக்கு ஓர் அரத்தை எப்படிப் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. ஆகவே முதலில் எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன் நடத்தும் இரண்டு நாள் தகட்டு வேலைப் பயிற்சியில் சேர்ந்தேன். பால் போபெரெஸ்னி 1953-இல் மில்வாக்கியில் தொடங்கிய சங்கம் இது. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாதம் ஓஷ்கோஷில் இவர்கள் கூட்டும் விமானத் திருவிழாவைப் பலர் அறிந்திருப்பார்கள். பயிற்சியின் முதல் மணி நேரத்தில் யாரும் எந்தக் கருவியையும் தொடவில்லை. ஆசிரியர் ஒரு தகட்டுத் துண்டை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து, வளைத்துப் பாருங்கள் என்றார். நான் எங்கள் வீட்டு அலுமினியப் பாத்திரத்தை நினைத்துக்கொண்டு வளைத்தேன். அது வளைந்து, விட்டவுடன் துள்ளித் தன் பழைய நிலைக்கே திரும்பியது. இன்னும் கூர்மையாக மடிக்க முயன்றபோது மடிப்பில் மயிரிழை போல ஒரு வெடிப்பு ஓடியது.

அந்தத் தகடு 2024-டி3 என்னும் கலவை. அலுமினியத்தில் நான்கு சதவீதத்துக்குச் சற்று அதிகமாகச் செம்பு கலந்தது. இப்படிச் செம்பு கலந்த அலுமினியத்தைச் சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்தால் அப்போது மென்மையாக இருக்கிறது, ஆனால் சும்மா வைத்திருந்தால் சில நாட்களில் தானே கடினமாகிறது என்பதை 1906-இல் ஜெர்மனியில் ஆல்ஃப்ரட் வில்ம் கண்டறிந்தார். டியூரன் நகரத்தில் தயாரானதால் அது டியூரலுமின் ஆயிற்று. இதில் எங்கள் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு என்பதைப் பிறகு படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. ரைட் சகோதரர்களின் சைக்கிள் கடையில் வேலை பார்த்த சார்லி டெய்லர், 1903-ஆம் ஆண்டு விமானத்துக்கான எஞ்சினை ஒரு கடைசல் இயந்திரத்தையும் ஒரு துளை இயந்திரத்தையும் வைத்துக்கொண்டு ஆறே வாரங்களில் செய்துமுடித்தார். அந்த எஞ்சினின் கூடு, டேட்டனில் வார்க்கப்பட்ட, எட்டு சதவீதம் செம்பு கலந்த அலுமினியம். வார்த்தபின் ஆறுகையில் அந்த உலோகம் அதே முறையில் தன்னைத்தானே கடினப்படுத்திக்கொண்டிருந்தது என்பதை 1990-களில் ஆய்வாளர்கள் கண்டுசொன்னார்கள். அதாவது, வில்ம் அதைக் கண்டறிவதற்கு முன்பே, யாருக்கும் தெரியாமல், அந்தக் கடினம் ரைட் சகோதரர்களின் விமானத்தோடு கிட்டி ஹாக்கில் பறந்துவிட்டது.

செம்பு வலிமையைத் தருகிறது, அரிப்பையும் கொண்டுவருகிறது. அதனால் தகட்டின் இரு முகங்களிலும் தூய அலுமினியத்தை மெல்லிய போர்வையாகப் பதித்திருக்கிறார்கள். மெல்லிய தகட்டில் அந்தப் போர்வை ஒவ்வொரு பக்கமும் மொத்தத் தடிமனில் ஏறக்குறைய ஐந்து சதவீதம். ஆகவே விமானத் தகட்டில் ஒரு கீறல் விழுந்தால், அழகு கெடுவதோடு காவலும் குறைகிறது. தகட்டில் பென்சிலால் கோடு போடக்கூடாது என்பது எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் விதி. பென்சிலில் உள்ள கிராஃபைட்டும் அலுமினியமும் ஈரம் பட்டால் மின்கலம் போல் வேலை செய்து, கோடு போட்ட இடத்தை அரித்துவிடும். மார்க்கர் பேனாவால் மட்டுமே எழுத வேண்டும். இத்தனை ஆண்டுகளாக எல்லோரும் சாதாரணமாகச் சொல்லும் அலுமினியம் என்ற சொல்லுக்குள் இவ்வளவு கவனம் அடங்கியிருக்கிறது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

துளையிடுவது எளிது என்று நினைத்திருந்தேன். விமான வேலையில் டிரில் பிட்டுகளுக்கு எண்கள்தான் பெயர். எண் ஏற ஏறத் துளை சிறுக்கும். நாற்பதாம் எண் பிட் இரண்டரை மில்லிமீட்டர், முப்பதாம் எண் பிட் 3.26 மில்லிமீட்டர். முன்னதில் போவது அங்குலத்தில் முப்பத்திரண்டில் மூன்று பங்கு ரிவெட், பின்னதில் போவது எட்டில் ஒரு பங்கு ரிவெட். இரு தகடுகளை ஒன்றாகப் பிடித்துவைக்கும் கிளிக்கோ என்னும் வில்பிடிகளுக்கும் இதே கணக்கில் நிறம் உண்டு: சிறிய துளைக்கு வெள்ளி நிறம், பெரிய துளைக்குச் செம்பு நிறம். ஒரு பாகம் முழுவதும் இந்தப் பிடிகள் குத்திட்டு நிற்கும்போது பார்க்க முள்ளம்பன்றி போல இருக்கும். என் மகளுக்கு அந்தப் பிடிகளைச் செருகுவதும் பிடுங்குவதும்தான் இந்த வீட்டிலேயே மிகப் பிடித்த வேலை.

துளையிட்ட பிறகு வருவதுதான் உண்மையான வேலை. டிரில் வெளியேறும் பக்கத்தில் துளையின் விளிம்பைச் சுற்றி மெல்லிய பிசிறு நிற்கும். விரல் நுனியை வைத்தால் நெருடும். அந்தப் பிசிறை ஒவ்வொரு துளையிலும் இரு பக்கமும், அதிகமும் சீவாமல் குறைவாகவும் விடாமல், ஒரு சுழற்றியால் இரண்டு மூன்று சுற்றுகளில் எடுக்க வேண்டும். தகட்டின் வெட்டு விளிம்புகளையும் அரத்தால் இழைத்து வழவழப்பாக்க வேண்டும். இது ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்பச் செய்யும் வேலை, அவசரப்படுத்த முடியாத வேலை. ஏன் இவ்வளவு பாடு என்று முதலில் தோன்றியது. 1954-இல் இரண்டு காமெட் ஜெட் விமானங்கள் அடுத்தடுத்து நடுவானில் சிதறி மத்தியதரைக் கடலில் விழுந்த பிறகு, இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் இன்னொரு காமெட்டின் உடலைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, மீண்டும் மீண்டும் அழுத்தம் ஏற்றி இறக்கிச் சோதித்தார்கள். உலோகக் களைப்பால் ஒரு சன்னல் மூலையருகே துளையின் விளிம்பிலிருந்து வெடிப்பு புறப்பட்டிருந்தது. பிசிறும் கீறலும் அத்தகைய வெடிப்புக்கு வாசல். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, இந்த வேலையை அலுப்பு என்று ஒருநாளும் நான் நினைக்கவில்லை. மாலை நேரங்களில் ஒரு விலாவை மடியில் வைத்துக்கொண்டு அதன் விளிம்பை இழைத்துக்கொண்டிருப்பதில் ஓர் அமைதி இருக்கிறது.

இனி ரிவெட். தமிழில் தறையாணி என்ற நல்ல சொல் உண்டு. பட்டறைகளில் எல்லோரும் ரிவெட் என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன். விமானத்தின் வெளிப்புறத்தில் காற்று தடையின்றி வழுக்கிச் செல்ல, ரிவெட்டின் தலை தகட்டோடு சமமாக உட்கார வேண்டும். தகடு தடியாக இருந்தால் துளையின் வாயை 100 பாகைக் கோணத்தில் குடைந்து தலைக்கு இடம் செய்யலாம். ஆனால் அரை மில்லிமீட்டர் தகட்டில் குடைந்தால் ஒன்றும் மிஞ்சாது. அதனால் அங்கே ஆண் அச்சு ஒன்றையும் பெண் அச்சு ஒன்றையும் துளையின் இரு பக்கமும் வைத்துச் சுத்தியலால் தட்டி, தகட்டையே ஒரு சிறு குழியாக அழுத்திவிடுகிறார்கள். கீழே இருக்கும் விலாவிலும் அதே குழி. இரண்டு குழிகளும் ஒன்றுக்குள் ஒன்று, அடுக்கிய கிண்ணங்கள் போலப் பொருந்தும். பொருந்திய இரு கிண்ணங்களைப் பக்கவாட்டில் நகர்த்த முடியாதது போலவே இந்த இணைப்பும் நகராது. தட்டையான இணைப்பைவிட இதற்கு வலிமை அதிகம்.

ரிவெட் அடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியிலிருந்து, காற்றழுத்தத்தில் இயங்கும் துப்பாக்கியை ரிவெட்டின் தலையில் வைத்துப் பிடிக்கிறார். மற்றவர் உள்ளே, தலைக்கு எதிர்முனையான ரிவெட்டின் வாலில், கனமான உலோகக் கட்டை ஒன்றை அழுத்திப் பிடிக்கிறார். எங்களுடையது டங்ஸ்டன் கட்டை. தீப்பெட்டியைவிடச் சற்றே பெரியது, ஆனால் முதன்முதலில் தூக்குகிறவர் கை தாழ்ந்துபோகும். துப்பாக்கிதான் வேலையைச் செய்கிறது என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். உண்மையில் வாலை நசுக்கி உருவாக்குவது அந்தக் கட்டைதான். ஆகவே கட்டை பிடிப்பவர் கையில்தான் தரம் இருக்கிறது. என் மனைவியின் கை மெலிந்தது என்பதால் விமான வாலின் ஒடுக்கமான மூக்குப் பகுதிக்குள் அவள் கைதான் நுழையும். காதடைப்பான் போட்டுக்கொண்டு நீட்டிப் பேச முடியாததால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டாயிற்று. "கட்டை வெச்சாச்சு, அடிங்க" என்று அவள் குரல் கொடுக்காமல் என் விரல் விசையைத் தொடாது. நான் நிறுத்தும்வரை அவள் கட்டையை எடுக்க மாட்டாள். ஒருமுறை இந்த ஒழுங்கு தவறினால் போதும், தாங்குவதற்கு எதுவும் இல்லாத தகட்டில் துப்பாக்கியின் அடி முழுவதும் இறங்கி, எக்காலத்துக்கும் போகாத ஒடுக்கு விழுந்துவிடும்.

அடி இரண்டு விநாடிகூட நீடிக்காது. அதற்குள் ஓசை மாறுவதைக் கேட்கப் பழக வேண்டும். முதலில் தளர்ந்த, சலசலக்கும் ஓசை. ரிவெட் வீங்கித் துளையை நிறைத்ததும் ஓசை இறுகித் திடமாகிறது. அந்த இடத்தில் விட்டுவிட வேண்டும். நன்றாக அடித்த ரிவெட்டின் நசுங்கிய வால், தண்டின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலமும், பாதி உயரமும் இருக்க வேண்டும். எட்டில் ஒரு பங்கு அங்குல ரிவெட்டுக்கு 4.8 மில்லிமீட்டர் அகலம், 1.6 மில்லிமீட்டர் உயரம். இதை அளக்க, துளையிட்ட சிறு தகட்டு அளவுகோல் ஒன்று உண்டு. நான் அதைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன்.

மார்ச் மாதத்து ரிவெட்டுக்கு வருகிறேன். என் அளவுகோலில் அதன் அகலமும் உயரமும் சரியாகவே இருந்தன. சாய்வு மட்டும்தான் குறை. ஆனால் அதற்கு முன் அடித்த நாற்பது ரிவெட்டுகளும் நிமிர்ந்து நின்றதால் இந்த ஒன்று என் கண்ணை உறுத்தியது. ரிவெட்டை எடுக்கும் முறை இது: தலையின் நடுவில் துளையிட்டு, தலையின் ஆழம் வரை மட்டுமே போய், ஊசியைச் செருகி நெம்பித் தலையை ஒடித்து, வாலை மெல்லத் தட்டி வெளியே தள்ள வேண்டும். தலையின் நடுவில் ஒரு சிறு குழி பதித்திருப்பார்கள். அது அந்த உலோகக் கலவைக்கான அடையாளம், பிட்டின் முனை உட்கார வசதியான இடமும்கூட. எல்லாம் தெரிந்திருந்தும் என் பிட் வழுக்கி ஓரமாக இறங்கியது. தலை ஒடிந்தபோது தகட்டின் துளை வட்டமாக இல்லை, முட்டை வடிவத்தில் இருந்தது. புதிய ரிவெட்டை அதில் அடித்தேன். தளர்ந்த துளையில் அது முன்னதைவிட மோசமாகச் சாய்ந்தது. அதையும் எடுத்தேன். இந்த முறை உள்ளே விலாவின் துளையும் அகன்றது. மதியம் ஒரு மணிக்கு, சாய்ந்த ரிவெட் ஒன்று இருந்த இடத்தில், இரண்டு தகடுகளிலும் பழுதான துளை இருந்தது.

எங்கள் பகுதியில், ஓய்வுபெற்ற விமான மெக்கானிக் ஒருவர், கட்டுகிறவர்களின் வீடுகளுக்கு வந்து ஊதியம் வாங்காமல் வேலையைப் பார்த்துச் சொல்வார். அன்று மாலையே வந்தார். துளையைப் பார்த்தார், என் பதிவேட்டில் இருந்த முதல் ரிவெட்டின் புகைப்படத்தைப் பார்த்தார். கடிந்துகொள்ளவில்லை. துளையைச் சரிசெய்வது எளிது என்றார்: தண்டு தடித்து, தலை மட்டும் சிறியதாக இருக்கும் ஒருவகை ரிவெட் உண்டு, இத்தகைய தவறுகளுக்கென்றே எல்லோரும் ஒரு பொட்டலம் வைத்திருப்பார்கள். துளையை முப்பதாம் எண்ணுக்குப் பெரிதாக்கி வட்டமாக்கிவிட்டு, அதை அடித்தோம்; நன்றாக உட்கார்ந்தது. பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு முக்கியம். முதல் ரிவெட்டைத் தான் தொட்டிருக்க மாட்டேன் என்றார்.

நான் ஒப்புக்கொள்ளவில்லை என்பதை முகத்தில் கண்டிருப்பார் போலும். பழைய தகட்டுத் துண்டுகள் இரண்டை எடுத்து, பத்து ரிவெட்டுகளை வரிசையாக அடிக்கச் சொன்னார். அவற்றில் மூன்றை வேண்டுமென்றே கட்டையைச் சாய்த்துப் பிடித்து அடிக்கச் செய்தார். அந்தத் துண்டை ரம்பத்தால், வரிசையின் நடுவே, ரிவெட்டுகளின் குறுக்காக அறுத்தார். அறுத்த முகத்தை ஈர உப்புத்தாளில் தேய்த்து மெருகேற்றி, பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார். பத்து ரிவெட்டுகளின் உள்ளும் தெரிந்தது. சாய்ந்த மூன்றிலும் தண்டு வீங்கி, துளையின் சுவரோடு எங்கும் இடைவெளி இல்லாமல் ஒட்டியிருந்தது. பறக்கும்போது ஒரு தகடு மற்றொன்றின் மேல் நழுவாமல் தடுப்பது அந்தத் தண்டு. துளையை நிறைத்துக்கொண்டு குறுக்கே நிற்பதுதான் அதன் வேலை. வாலின் வடிவம், உள்ளே அது நடந்தேறியது என்பதற்கு வெளியில் கிடைக்கும் சாட்சி. சாட்சி கொஞ்சம் சாய்ந்து நின்றாலும் சொன்னது உண்மையாக இருந்தது. அந்த உண்மையை விட்டுவிட்டு, சாய்வைத் திருத்தப் போய், தண்டு நிறைக்க வேண்டிய துளையையே நான் கெடுத்திருந்தேன். ரிவெட்டுகளுக்கான ராணுவத் தரக்குறிப்பும் சிறு சாய்வை ஏற்கிறது என்பதைப் பிறகு படித்தேன். ஆனால் பூதக்கண்ணாடியில் பார்த்திராவிட்டால், அந்த வரியைச் சலுகை என்றுதான் எண்ணியிருப்பேன்.

போகும்போது அவர் எனக்கு ஒரு வேலை வைத்துவிட்டுப் போனார். இனி விமானத்தில் ஒரு ரிவெட்டை எடுக்க வேண்டுமானால், அதற்கு முன் பயிற்சித் தகட்டில் நல்ல ரிவெட்டுகள் பத்தைத் துளை கெடாமல் எடுத்துக் காட்ட வேண்டும். அடிப்பதற்குப் பழகினேனே தவிர எடுப்பதற்கு நான் பழகவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. முதல் பத்தில் நான்கு துளைகள் கெட்டன. மே மாத இறுதிக்குள் பத்தும் வட்டமாகவே வந்தன. வலக்கையால் பிட்டைச் சுழற்றாமல் குழியில் வைத்து, இரண்டு சுற்று விரலாலேயே திருப்பி, அது தன் இடத்தைப் பிடித்த பிறகுதான் விசையைத் தொட வேண்டும் என்பதைக் கை கற்றுக்கொண்டது.

எடுத்தே ஆக வேண்டிய ரிவெட்டுகளும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு தகடுகளுக்கு நடுவே ரிவெட் பிதுங்கி இடைவெளி விழுந்திருந்தால் விடக்கூடாது. தலை முழுதாக உட்காராமல், மெல்லிய தகட்டுக் கீற்று அதன் அடியில் நுழையுமானால் விடக்கூடாது. வாலில் வெடிப்பு இருந்தாலும், துளையின் ஓரம் தெரியும் அளவுக்கு வால் நகர்ந்திருந்தாலும் விடக்கூடாது. பார்வைக்கு அழகாக நிமிர்ந்து நின்று, அளவுகோலில் உயரம் போதாமல் அதிகமாக நசுங்கிப்போன ஒன்றை நான் கோடையில் எடுத்தேன். ஓராண்டுக்கு முன் என்றால் அதைப் பார்த்து மகிழ்ந்திருப்பேன். இப்போது ஒவ்வொரு ரிவெட்டையும் அடித்த பின் நானும் மனைவியும் தனித்தனியே பார்த்து, தனித்தனியே தீர்ப்புச் சொல்லி, வேறுபட்டால் மட்டும் அளவுகோலை எடுக்கிறோம். பெரும்பாலும் அவள் சொல்வதுதான் சரியாக இருக்கிறது. கட்டை அவள் கையில் இருக்கிறது, ரிவெட் மடங்கும் விதம் கட்டை வழியாக அவளுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது.

செங்குத்து வாலும் சுக்கானும் முடிந்து கராஜின் சுவரில் தொங்குகின்றன. கிடைமட்ட வாலும், விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் அதன் இரண்டு எலிவேட்டர்களும் நவம்பரில் முடிந்தன. இறக்கைகளுக்கான நீண்ட மரப்பெட்டி வந்து பிரித்தாயிற்று. அதிலிருந்த இரண்டு பிரதான ஸ்பார்களும், அதாவது இறக்கையின் நீளவாக்கில் ஓடும் உத்தரங்களும், பொன்னிறப் பூச்சோடு, துணி சுற்றி, சுவரோரம் கிடக்கின்றன. விமானத்தின் எடை முழுவதையும் தாங்கப்போவது அவைதான். எரிபொருள் தொட்டியைப் பொருத்தும் திருகுகளுக்காக அந்த ஸ்பாரின் விளிம்பில் நூற்றுக்கு மேற்பட்ட துளைகளைக் குடைய வேண்டும். குடையும் கருவியில் ஒரு வளையம் இருக்கிறது. ஒவ்வொரு சொடுக்குக்கும் ஆழம் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடும். அளவு மீறினால் அந்தத் துளையை மீட்க முடியாது. நான் இன்னும் ஸ்பாரைத் தொடவில்லை. அதே தடிமன் உள்ள ஒரு துண்டில், திருகை வைத்துப் பார்த்து, ஒரு சொடுக்கு ஏற்றி, மறுபடி திருகை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நேற்று இரவோடு அந்தத் துண்டில் அறுபது துளைகள் ஆகியிருக்கின்றன. கடைசி இருபதிலும் திருகு ஒரே உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. இன்னும் இருபது பார்த்துவிட்டு, வரும் சனிக்கிழமை துணியைப் பிரிக்கலாம் என்றிருக்கிறோம்.